எஸ்னாத் கம்வேண்டோவின் லினக்ஸ் கணினி

சொம்பா நகரக் குடிநீர் அலுவலகத்தில் குழாய் வரைபடம் போடுபவர் எஸ்னாத் கம்வேண்டோ. 2008 முதல் 2014 வரை புகார் ஜன்னலில் இருந்தார். பிறகு ஸ்டோரில் கழித்துப்போட்ட ஒரு கணினியைக் கேட்டு வாங்கி, பென் டிரைவில் கொண்டுவந்த இலவச லினக்ஸை அதில் ஏற்றினார். தெருத் தெருவாக நடந்து 1,143 வால்வுகளை வரைபடத்தில் குறித்தார். அந்த எண்ணிக்கையைப் பதிவேட்டுப் பிரிவில் நானே சரிபார்த்தேன்.

2019 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, கணினிப் பிரிவுத் தலைவர் ம்சோசா வந்து மாடியில் புதிய சர்வரை நிறுவினார். எல்லாக் கணினிகளும் அதில் இணைந்தன. எஸ்னாத்தினுடையதை மட்டும் அது உள்ளே விடவில்லை.

“மாயி, இந்த ஓசிச் சரக்கெல்லாம் ஆபீசுக்கு ஒத்துவராது,” என்றார் ம்சோசா. எங்கள் ஊரில் மாயி என்றால் அம்மா, ப்வானா என்றால் ஐயா.

“உங்க விண்டோஸ் இந்த மெஷின்ல ஏறவே மாட்டேங்குது, ப்வானா. இது அஞ்சு வருஷமா ஓடுது.”

“வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பாப்பேன். அப்புறம் மெஷின எடுத்துக்குவேன். நீங்க ஜன்னலுக்கே போயிடலாம். அங்க உங்களத் தேடுறாங்களாம்.”

வேறு கணினி தருவதாக அவர் சொல்லவில்லை.

புதன்கிழமை பதினேழு முறை முயன்றார் எஸ்னாத். வியாழக்கிழமை, தட்டில் மக்காச்சோளக் களியான ந்சிமா ஆறிப்போய்க் கிடக்க, கணினி எழுதிவைத்திருந்த மறுப்புக் குறிப்புகளை வரிவரியாகப் படித்தார். பிறகு என் மேசைக்கு வந்தார். என்னை மரியாதையாகப் பாம்போ, அதாவது பெரியவரே, என்றுதான் கூப்பிடுவார்.

“பாம்போ, உங்க வாட்ச்ல மணி என்ன?”

தினமும் காலை வானொலிச் செய்தி நேரத்தோடு சரிபார்த்து வைத்துக்கொள்ளும் கடிகாரம் அது. “ரெண்டு பத்து.”

“என் மெஷின்லயும் அதான். உங்க கம்ப்யூட்டர்ல?”

அதில் இரண்டு மணி மூன்று நிமிடம்.

சர்வர் ஏழு நிமிடம் பிந்தியிருந்தது. மற்ற கணினிகள் அதனிடமிருந்தே நேரத்தை வாங்கியதால் அவையும் பிந்தின. எஸ்னாத்தின் கணினி இணையத்திலிருந்து சரியான நேரத்தை எடுத்துக்கொண்டது. ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் சர்வர் கதவைத் திறக்காது.

“அவர்கிட்ட சொல்லிடு,” என்றேன்.

“இப்ப சொன்னா, ஊரே ஒண்ணு காட்டுது, உன்னோடது மட்டும் வேறயான்னு கேப்பார். முதல்ல உள்ள போறேன்.”

தன் கணினியின் நேரத்தை ஏழு நிமிடம் பின்னால் தள்ளினார். தெரிந்தே தவறான நேரம் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொன்னேன்.

“ஒரு நாளைக்குத்தான், பாம்போ. பொறுத்துக்கங்க.”

வெள்ளிக்கிழமை 11.40க்கு, ம்சோசா பின்னால் நிற்க, கடவுச்சொல்லை அடித்தார். பொதுக் கோப்புகள் திறந்தன.

“சரி. பிரிண்ட் வருதான்னு பாப்போம்.”

நடைக்கோடியில் இருந்த அச்சு இயந்திரம் ஒரு தாளைத் தள்ளியது. ம்சோசா எடுத்துப் படித்தார். அவருக்கே எழுதிய கடிதம். சர்வரின் நேரம் பிந்தியிருப்பதால் உடனே திருத்த வேண்டும் என்றது. கீழே, மூன்று வேளைகளில் ஒப்பிட்டுக் குறித்த நேரங்கள்.

ம்சோசா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இத யார் கண்டுபிடிச்சது?”

“அந்த ஓசிச் சரக்குதான், ப்வானா.”

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சர்வர் அறைச் சாவியைக் கேட்டார்.