"செத்த இருங்க" என்றால் எத்தனை நேரம்?

இன்று காலை அலுவலக ஆன்லைன் மீட்டிங்கில் எனக்குப் புதிய பெயர் வைத்தார்கள்: "காரைக்கால் நெட்".

ஐம்பதைக் கடந்தவன் நான். காரைக்காலில் வீட்டிலிருந்தபடி சென்னை நிறுவனம் ஒன்றுக்கு நிரல் எழுதுகிறேன்.

மனைவி இறந்துவிட்டாள். மகள் பிரான்சில் இருக்கிறாள். ஆகவே, ஒரு நாளில் என்னிடம் பேசும் மனிதக் குரல் பெரும்பாலும் அந்த மீட்டிங்கில்தான் கேட்கும்.

(ஒரு நாளும் தாமதமாகச் சேர்ந்ததில்லை. காரணம் நேரந்தவறாமை என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.)

ஐஸ் ஃபேக்டரிகளின் குளிர்நிலையைச் சென்னை சர்வருக்கு அனுப்பும் நிரல் ஒன்றை நான் லினக்ஸ் இயங்குதளத்தில் எழுதியிருந்தேன். பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடியது. அண்மையில் அதை விண்டோஸுக்கு மாற்றியவர்கள் சென்னைக் குழுவினர்.

மாற்றியதிலிருந்து, பக்கத்துக் கோட்டுச்சேரி ஃபேக்டரியில் ஒரே செய்திதான்: டைம்அவுட். அதாவது, காத்திருந்த நேரத்துக்குள் பதில் வரவில்லை.

"சார், எங்க ஆபீஸ்ல டெஸ்ட் பண்ணா பக்காவா ஓடுது," என்றார் குழுத் தலைவர் அஸ்வின். "உங்க ஊரு நெட்டுதான் சார் பிராப்ளம். காரைக்கால்ல மீனுதான் ஃப்ரெஷ்ஷா வரும், டேட்டா எங்க வரும்!"

எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தார்கள். திரையில் தோள்கள் குலுங்கின. சத்தமே இல்லை.

"ரெண்டு நாள் பாப்போம் சார். இல்லன்னா பழைய புரோகிராமைத் தூக்கிட்டு நாங்களே புதுசா எழுதிக்கிறோம். நீங்க ரெஸ்ட் எடுங்க."

ரெஸ்ட்! இந்த வீட்டில் அது ஒன்றுதான் தேவைக்கு அதிகமாக இருக்கிறது.

"நல்லது," என்று மட்டும் சொன்னேன். கோபம் வந்தால் என் தமிழ் சுருங்கிவிடும்.

நேரே கோட்டுச்சேரிக்குப் போனேன். ஃபேக்டரி உரிமையாளர் நிஜாம் பாய் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாங்க சார்! ஒங்க மெஷினு எங்க மச்சான் மாதிரி ஆயிப்போச்சு. கேள்விய கேக்குது, பதிலு சொல்ல வாயத் தொறந்தா எந்திரிச்சுப் போயிருது!"

பழைய லினக்ஸ் பெட்டி இன்னும் அலமாரியில் கிடந்தது. தூசி தட்டி, அதே நெட் வயரைச் செருகினேன். உடனே சர்வரிலிருந்து பதில் வந்தது. வயரைப் பிடுங்கி விண்டோஸ் கணினியில் செருகினேன். டைம்அவுட்.

ஆக, குற்றவாளி ஊர் அல்ல. மாற்றி எழுதப்பட்ட நிரலை வரி வரியாகப் படிக்க உட்கார்ந்தேன்.

"செத்த இருங்க சார், டீ சொல்லியிருக்கேன்," என்றார் பாய்.

(வெளியூர் நண்பர்கள் அஞ்ச வேண்டாம். எங்கள் பக்கத்தில் "செத்த" என்றால் கொஞ்ச நேரம்.)

பாய் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டார். டீ வரவில்லை.

"என்ன பாய், செத்தன்னு சொன்னீங்களே?"

"சார், ஒங்க காரைக்கா டவுன் செத்த வேற, எங்க கோட்டுச்சேரி செத்த வேற!"

சிரித்தேன். சிரிப்பு முடியுமுன் என் விரல் ஒரு வரியில் நின்றுவிட்டது.

பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் வரி அது. நான் எழுதியிருந்தது: முப்பது.

லினக்ஸில் அந்த முப்பது, முப்பது நொடி. விண்டோஸ் அதே எண்ணை நொடியில் ஆயிரத்தில் முப்பது பங்கு என்று படித்துக்கொள்ளும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. மாற்றியவர்கள் எண்ணைக் கொண்டு போனார்கள், அளவை விட்டுவிட்டார்கள்!

சென்னையில் சர்வர் பக்கத்து அறையில் இருக்கிறது. இமைப்பதற்குள் பதில் வந்துவிடும். கோட்டுச்சேரியிலிருந்து போய் வர அதைவிடச் சற்று அதிகம் ஆகும். அந்தச் "சற்று" வரை அவர்களது நிரலுக்குப் பொறுமை இல்லை.

திருத்தினேன். ஓடியது. டீயும் வந்தது.

அஸ்வினை அழைத்தேன்.

"சார், ஒன் செகண்ட், நானே கால் பண்றேன்."

(அந்த ஒரு செகண்டுக்கு இணையான அளவு எந்த இயங்குதளத்திலும் இல்லை.)

திருத்திய வரியையும் விளக்கத்தையும் குழுவுக்கு எழுதி அனுப்பினேன். பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது. மாலையில் அறிக்கை வந்தது: "காரைக்கால் நெட் பிரச்சினை தீர்க்கப்பட்டது. குழுவினருக்கு வாழ்த்துகள்!"

அறிக்கையைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். நாளைக் காலை மீட்டிங்கில் அதை நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டி, பிறகு அந்த வரியைத் திரையில் வைப்பதாக இருந்தேன்.

அதற்குள் அஸ்வின் அழைத்துவிட்டார்.

"சூப்பர் சார்! புரோகிராம் அப்படியே இருக்கட்டும். இனி நீங்க டெய்லி மீட்டிங்குக்கு வர வேணாம். இஷ்யூதான் முடிஞ்சிருச்சே. ஏதாவதுன்னா நாங்களே கூப்பிடுறோம்."

நிரல் பிழைத்தது. குரல் போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் பேசினாள். யாரோ கதவைத் தட்டியதால் நடுவில், "செத்த இருங்கப்பா, நானே கூப்புடுறேன்," என்று வைத்தாள்.

இன்று வியாழன்.

பிரான்சில் "செத்த" எந்த அளவில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வரியில் பூஜ்யம் என்று எழுதினால் லினக்ஸிலும் விண்டோஸிலும் பொருள் ஒன்றுதான்: பதில் வரும்வரை காத்திரு, முறித்துக்கொள்ளாதே.

அவளுக்கு நான் பூஜ்யம்தான் வைத்திருக்கிறேன்.

உங்களிடம் "செத்த இருங்க" என்று சொல்லிவிட்டு வைத்தவர் யார்? நீங்கள் யாரிடம் சொல்லிவிட்டு வைத்தீர்கள்?