தையல் வகுப்பு என்று எழுதிய வீடு

மணமாகாத தாய்மாருக்கான இல்லத்தில் மேட்ரனாக இருப்பவருக்குப் பிள்ளைகளின் அழுகை பெரிய தொந்தரவு இல்லை, தலைவலியெல்லாம் பெரியவர்களால்தான். எழுபதுகளின் கடைசியில் கல்முனையில் அந்த வேலை பார்த்தேன். இதுபோல வேலை பார்த்து நொந்தவர்கள், நாம் தனியாள் இல்லை என்று ஆறுதல் கொள்ளுங்கள்.

பலகை

இல்லத்தை நடத்திய தர்மசபைக்கு வெட்கம் அதிகம். வாசலில் 'பெண்கள் தையல் வகுப்பு' என்று பலகை மாட்டிவிட்டார்கள். நோன்புப் பெருநாள் நெருங்கியதும் அடுத்த தெருப் பெண் ஒருத்தி சட்டைத்துணியோடு வந்து நின்றாள். இல்லத்தில் தைக்கத் தெரிந்தவள் அட்டாளைச்சேனை ஸபீனா ஒருத்திதான்; அவளும் பிள்ளை பெற்ற படுக்கையில் இருந்தாள். இப்போது தைக்க முடியாது என்றேன். வந்தவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஊசி புடிக்கத் தெரியாத புள்ளையள வெச்சிக்கிட்டு என்ன கிளாஸ் நடத்துறீங்க மிஸி?"

நிறம் பார்க்க வந்தவர்கள்

ஸபீனாவின் மகனை எடுத்து வளர்க்க ஒரு துணிக்கடை முதலாளியும் மனைவியும் வந்தார்கள். சந்தையில் கத்தரிக்காயைப் பார்ப்பதுபோல் பிள்ளையைப் புரட்டிப் பார்த்தார்கள். வாப்பா என்ன நிறம் என்று கேட்டார்கள். அவர் இந்தப் பக்கம் முகம் காட்டியதில்லை என்றேன்.

ஸபீனாவின் உம்மா, வந்தால் தனியே வா, பிள்ளையோடு படி ஏறாதே என்று சொல்லி அனுப்பியிருந்தா. ஆகவே பிள்ளையைக் கொடுத்துவிடுவது என்று சபை முடிவெடுத்திருந்தது. எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை; என்னை யார் கேட்டார்கள்? வந்தவர்கள் யோசித்துச் சொல்வதாகப் போனதும், மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ஸபீனா சொன்னாள்:

"தைச்சாவது வளப்பன் மிஸி. எங்கட உம்மாட வாசல் மட்டும் கிடைச்சாப் போதும்."

மரைக்காரின் கேள்வி

பிறகு பள்ளிவாசல் மரைக்கார் ஒருவர் வந்தார். தெருவுக்கு இந்த வீடு சரிவராது, வேறு ஊர் பாருங்கள் என்பது அவர் கொண்டுவந்த செய்தி. பிள்ளையைத் தோளில் சாத்திக்கொண்டு ஸபீனா தேத்தண்ணி கொண்டுவந்தாள். எங்கள் பக்கத்தில் புது முகத்தைக் கண்டால் வாய் தானாகக் கேட்கும் கேள்வியை அவரும் கேட்டுவிட்டார்: "என்ன குடி மகள்?"

அவள் சொன்னாள். அது அவருடைய குடி.

குடி என்பது இங்கே தாய்வழியில் வருகிற வம்சம். வாப்பா யாராக இருந்தாலும், இல்லாமலே போனாலும், பிள்ளை உம்மாவின் குடிதான். அந்தக் குடிக்குப் பள்ளிவாசலில் பொறுப்பானவர் மரைக்கார். கேள்வியைத் திரும்ப எடுக்க வழியில்லை. தேத்தண்ணி ஆறும்வரை பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டை மாற்றுகிற கதை மறந்துபோயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் ஸபீனாவின் உம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தத் தாய் கேற்றடியில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, "வாப்பா ஆரெண்டு ஊர் கேக்குமே காக்கா" என்று, மூத்த அண்ணனிடம் சொல்வதுபோல் அவரிடம் அழுதா. மரைக்கார் பிள்ளையை வாங்கி அவ கையில் வைத்துச் சொன்னார்:

"குடி என்னெண்டு கேட்டா நீ சொல்லு. வாப்பா ஆரெண்டு கேக்கிறவன எங்கிட்ட அனுப்பு."

அன்றோடு எங்கள் தையல் வகுப்பில் தைக்கத் தெரிந்தவள் ஒருத்தியும் இல்லாமல் போனாள். என் வேலைக்காலத்தில் நான் சந்தோஷப்பட்ட ஒரே நட்டம் அதுதான்.