உட்கார்ந்து ஊதும் மண்டபம்

உப்பளத்தில் வேலை முடிந்ததும் வரப்பின் மேல் நடந்துகொண்டே ட்ரம்பெட் ஊதிப் பழகியவன் தங்கராசு. மரக்காணத்தில் அவனோடு சேர்த்து பேண்டில் ஆறு பேர். எல்லோரும் உப்பு வாருகிறவர்கள். கல்யாண ஊர்வலத்துக்கும் போவார்கள். ஆனாலும் ஊரில் அவர்களுக்குப் பெயர் சாவு பேண்டு. நாற்பது வயதாகியும் அந்தப் பெயர் அவனுக்குப் பழகவில்லை.

புதுச்சேரியில் கடற்கரைப் பூங்காவில் ஒரு பழைய பேண்டு மண்டபம். எட்டு இரும்புத் தூண், வட்டக் கூரை. பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் பட்டாள பேண்டு, பிறகு மில் தொழிலாளர் பேண்டு என்று ஞாயிறுதோறும் அங்கே வாசித்தார்கள். அதில் ஏறியவனைத்தான் அந்த நகரம் வாத்தியக்காரன் என்றது. ஜனங்கள் உட்கார்ந்து கேட்பார்கள். தங்கராசு வாசித்து இதுவரை யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை.

சுனாமிக்குப் பிறகு மண்டபம் சும்மா கிடந்தது. 2005 ஆகஸ்டில் வாசிப்பை மறுபடி தொடங்கியபோது, பொறுப்பாளர் கண்ணாயிரம் இவர்களுக்கும் ஒரு மாலை கொடுத்தார். பிடித்துப்போனால் மாதம் ஒரு ஞாயிறு இவர்களுடையது.

மண்டபத்தில் ஆறு நாற்காலி போட்டிருந்தது. டிரம் அடிக்கும் முருகையன் உட்கார்ந்து பார்த்துவிட்டு நெளிந்தான்.

“ஏம்பா, உக்காந்துகினா வாசிக்கணும்? காலு சும்மா கெடக்குதே.”

“காலாலயா அடிக்கிற? கையால அடி,” என்றான் தங்கராசு.

“கைக்கு மேஸ்திரியே காலுதாம்பா.”

கல்யாணப் பாட்டை எடுத்தார்கள். நாலு வரி நன்றாகப் போனது. பிறகு டிரம் தளர்ந்தது. நடக்காமல் அவர்கள் வாசிக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்: சுடுகாட்டுக்குப் போகும் வழியில் பாடையை இறக்கி வைத்து, பெண்கள் வீட்டுக்குத் திரும்புகிற இடம். அங்கே நின்று அடிப்பதற்கென்று மெதுவான ஓர் அடி உண்டு. முருகையனின் கை தானாக அதில் போய் விழுந்தது.

தங்கராசு கையைத் தூக்கியிருந்தால் நின்றிருக்கும். அவன் தூக்கவில்லை. அந்த அடிக்குரிய பாட்டையே எடுத்து ஊதினான். அலையில் போனவர்களை அவசரமாகப் புதைத்த டிசம்பரில் பேண்டைக் கூப்பிட யாருக்கும் நேரமிருக்கவில்லை. முன்வரிசையில் மீனவப் பெண் ஒருத்தி எழுந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். மற்றவர்கள் அசையாமல் இருந்தார்கள். பாட்டு முடிந்தும் யாரும் கைதட்டவில்லை.

“தப்பு சொல்லலைங்க தங்கராசு,” என்றார் கண்ணாயிரம். “எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா ஞாயித்துக்கெழமை குழந்தைங்கள கூட்டிகினு வர்றாங்க. இது இங்க வேணாங்க.”

ஊருக்குத் திரும்பும் பஸ் கூனிமேடு தாண்டியதும் முருகையன் தங்கராசு பக்கம் திரும்பினான்.

“நீ கையக் காட்டியிருந்தா நிறுத்தியிருப்பேன்பா.”

“தெரியும்.”

ஏன் காட்டவில்லை என்பதுதான் தங்கராசுவுக்குத் தெரியவில்லை. செத்தவர்களுக்காக ஊதினானா, இல்லை, அத்தனை பேர் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பதற்காக ஊதினானா? முதலாவதுதான் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது. அந்த ஆசையே சந்தேகத்தைக் கூட்டியது.

மறுநாள் வேலை முடிந்ததும் அவன் நடக்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் சேற்றில் அழுத்திக்கொண்டு கல்யாணப் பாட்டை ஊதினான். நாலாவது வரியில் குதிகால் எழும்பியது. அதை அழுத்தினான், பாட்டு தளர்ந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.