கேட்டுவிட்டுப் போனார்கள்

குன்றத்தூர் பேருந்து நிறுத்தத்தில் எஸ்தரின் கணவரைப் பார்த்தேன். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

"எஸ்தர் எப்படிண்ணே கீறா?"

"போய்ட்டாம்மா. நேத்து சாயந்திரம்."

என் பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

அலுமினியப் பாத்திர ஆலையில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு எஸ்தரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வல்லக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அலுமினியத் தகட்டை அழுத்திப் பாத்திரமாக்கும் பிரஸ் பிரிவில் வேலை. எங்கள் சங்கத்தில் அவரைப்போல் பேச ஆளில்லை.

அதுவரை கேட் கூட்டங்களில் ஆண்கள்தான் பேசுவார்கள். பேச்சில் கடல் பொங்கும், எரிமலை வெடிக்கும். கேட்பவர்கள் ஷிப்ட் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் நன்றி சொல்ல மட்டும் எஸ்தரைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் போய்ப் பேசாமல் நின்றார். மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். சலசலப்பு அடங்கி எல்லோரும் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நம்ம தனம் இன்னிக்கு வரல. முந்தாநேத்து பிரஸ்ல அவ விரல் போச்சு. இப்போ அதே பிரஸ்ல வேற ஒரு பொண்ணு குந்திக்கினு கீது. அதுக்கும் விரல் கீது. எல்லாருக்கும் நன்றி."

அவ்வளவுதான். கை தட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அந்த வாரமே பிரஸ்களுக்குத் தடுப்புக் கம்பி மாட்டினார்கள்.

எப்படி இப்படிப் பேசுகிறாய் என்று கேன்டீனில் கேட்டேன். சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடியே சொன்னார்: "கூட்டத்தப் பாத்துப் பேசுனா யாருக்கும் போய்ச் சேராதுடி. கடைசில நிக்கிற ஒருத்தர் மூஞ்சியப் பாத்துப் பேசணும். கை தட்றப்போ இன்னும் பேசலாம்னு ஆசை வரும் பாரு, அப்பவே எறங்கிடணும்."

இந்த வருடம் ஒருநாள் காலையில் நாங்கள் கேட் கூட்டத்துக்கு வெளியே வந்திருந்தபோது ஆலையைப் பூட்டினார்கள். மே மாதம் பக்கத்து ஊர்ப் பொதுக்கூட்டத்தில் குண்டு வெடித்ததிலிருந்து எங்கள் பக்கம் கூட்டம் என்றாலே போலீசுக்குப் பதற்றம்; மைக்குக்கு அனுமதி கிடைக்கவில்லை. எஸ்தர் ஒரு ஸ்டூல்மேல் ஏறி வெறும் குரலில் பேசினார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி கேட்டுக்கு உள்ளே நின்றிருந்தார். எஸ்தர் அவர் முகத்தையே பார்த்தார்.

"சார், எங்க டிபன் பாக்ஸெல்லாம் உள்ளதான் கீது. மத்தியானம் வந்து துன்னலாம்னு வெச்சிட்டுப் போனோம். வேலைக்குன்னு தொறக்காட்டியும், அத்த எடுக்கவாச்சும் தொறங்க."

முதலில் சிரித்தோம். பிறகு பல பேர் அழுதுவிட்டார்கள். அந்த அதிகாரி கடைசி வரை அசையாமல் நின்று கேட்டார். கேட் கம்பிக்கு அருகே வந்து, "ரொம்ப அருமையா பேசினீங்கம்மா" என்றார். நாங்கள் நம்பிக்கையோடு வீடு திரும்பினோம்.

மறுநாள் போலீஸ் காவலோடு இயந்திரங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எஸ்தர் சாலையோரம் நின்று பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்தோம். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் அவர் பேசவில்லை.

பிழைப்புக்குச் செங்கல் சூளைக்குப் போனார். மஞ்சள் காமாலை வந்தது. அதோடும் வேலைக்குப் போனார். முடியாமல் படுத்த பிறகு பார்க்கப் போனேன். கண்கள் மஞ்சளாயிருந்தன. காஞ்சிபுரத்தில் தொழிலாளர் அதிகாரி முன் விசாரணை வருகிறது என்று சொன்னேன்.

"ஒடம்பு தேறி வாடி. நீ பேசுனாதான் கேப்பாங்க."

அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார்:

"அன்னிக்கும் கேட்டாங்களே, விமலா. கடைசி வரைக்கும் நின்னு கேட்டாங்க. கேட்டுட்டும் ஏத்திக்கினு போனவங்க கிட்ட இன்னும் இன்னா பேசறது?"

விசாரணைக்கு அவர் இல்லாமலே போனோம். வேறொருவர் பேசினார். ஒன்றும் நடக்கவில்லை.

அவர் பேச்சைக் கேட்டவர்களே, உங்களிடம் அவருடைய குரல் இருக்கும். என்னிடம் அவர் படுக்கையில் கேட்ட அந்தக் கேள்விதான் இருக்கிறது. இன்று பதில் கிடைத்தாலும் கேட்பதற்கு எஸ்தர் இல்லை.