ஐஸ்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில்

வேலை வெட்டி இல்லாதவர்கள் நம் ஊரில் ஒன்றுகூடினால் சங்கம் ஆரம்பிப்பார்கள். அதே ஆட்கள் ஐரோப்பாவில் ஒன்றுகூடினால் இணையத்தில் ஒரு பட்டியல் ஆரம்பிப்பார்கள் போலிருக்கிறது. மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளை நான் தாரை வார்த்தது அப்படி ஒரு பட்டியலுக்குத்தான். டிவியோடு இணைத்து விளையாடும் வீடியோ கேமின் கேசட்டுகள் எந்த நாட்டில் எந்த மாதிரிப் பெட்டியில் விற்கப்பட்டன என்று பதிவு செய்யும் தளம் அது. ஆட்டம் ஒன்றேதான். ஜெர்மனியில் விற்றிருந்தால் ஒரு பதிவு, ஸ்பெயினில் விற்றிருந்தால் இன்னொரு பதிவு. பெட்டியில் இருக்கும் முத்திரை வட்டமா நீள்வட்டமா, பின்பக்கத்து எச்சரிக்கை மூன்று மொழியிலா நான்கு மொழியிலா என்று மீசை நரைத்த ஆண்கள் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டார்கள். ஒரு கார் பந்தய ஆட்டத்தின் ஸ்வீடன் பெட்டியில் உள்ள நீலம், டென்மார்க் பெட்டியின் நீலத்தைவிட வெளுப்பா இல்லையா என்ற விவாதம் நான் சேர்ந்த அன்று நடந்துகொண்டிருந்தது. அடுத்த வருடமும் நடந்துகொண்டிருந்தது.

எனக்கு இது சிரிப்பாக இருந்ததற்குக் காரணம் என் பிழைப்பு. ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில், பேக்கிங் பிரிவில், பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் மேசை என்னுடையது. ஒரே வரிசையில் ஓடி, ஒரே பெண்கள் தைத்து, ஒரே சொல்யூஷன் தடவி வந்த ஷூ, என் மேசைக்கு வந்த பிறகுதான் இத்தாலி ஷூவாகவும் இங்கிலாந்து ஷூவாகவும் ஆகும். இங்கிலாந்துக்கு எட்டு என்று ஒட்டினால், மற்ற ஐரோப்பாவுக்கு நாற்பத்திரண்டு என்று ஒட்டுவோம். உள்ளே போகிற கால் ஒன்றுதான்.

"இன்னா தம்பி பெரிய ஃபாரின் ஷூ? ஸ்டிக்கர மாத்துனா ஊரு மாறிடுது. அவ்ளோதான் மேட்டரு" என்பார் எங்கள் சூப்பர்வைசர் பாய்.

அந்தப் பாய்க்கு உலகத்தில் ஒரே ஒரு விஷயம்தான் பயம். டபுள் லேபிள். ஒரு ஆர்டர் ரத்தாகி, சரக்கை வேறு நாட்டுக்குத் திருப்பினால், பழைய லேபிளை உரித்து, தின்னரில் நனைத்த துணியால் பசையைத் துடைத்துவிட்டுத்தான் புதிதை ஒட்ட வேண்டும். சோம்பேறித்தனமாகப் பழையதன் மேலேயே ஒட்டி, அதை வாங்குகிறவரின் ஆள் பார்த்துவிட்டால், மொத்த லாட்டும் திரும்பி வந்துவிடும். பாய் எங்களை வருடக் கணக்கில் திட்டித் திட்டி, டபுள் லேபிள் என்ற வார்த்தை காதில் விழுந்தாலே கை தானாகப் பெட்டியை நோக்கிப் போகிற அளவுக்குப் பழக்கி வைத்திருந்தார். நான் அதில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

இவ்வளவு தெரிந்தவனுக்கு அந்தத் தளத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். ஆத்திரம்தான். பதிவு செய்யும் பக்கத்தில் நாடுகளின் பட்டியல் ஒன்று இருக்கும். அதிலிருந்து நாட்டைத் தேர்வு செய்தால்தான் மேலே போக முடியும். அங்கே ஐஸ்லாந்து இருந்தது. வேலூர் மாவட்டத்தில் ஒரு மூலைக்குக் காணாத ஜனத்தொகை, அதற்கு ஒரு வரி. அதற்கு அடுத்தது அயர்லாந்து. ஆங்கில அகரவரிசைப்படி நடுவில் இருக்க வேண்டிய இந்தியா இல்லை.

கேட்டு எழுதினேன். பெல்ஜியமோ ஹாலந்தோ, ஏதோ ஒரு நாட்டில் உட்கார்ந்திருந்த நடுவர் ஒருவர்தான் எது அசல் எது போலி என்று தீர்ப்பு சொல்பவர். இந்தியாவில் விற்றதெல்லாம் திருட்டு கேசட், ஆகவே அதற்கு வரி தேவையில்லை என்று பதில் போட்டார். என் கேசட்டைப் பொறுத்தவரை அவர் சொன்னது நிஜம். சிறு வயதில் என்னிடம் இருந்தது மஞ்சள் நிறத்து பஜார் சரக்கு. ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கான ஆட்டம் என்று மேலே போட்டிருக்கும், திறந்தால் ஏழு ஆட்டம் திரும்பத் திரும்ப வரும். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் அசல் கேசட்டுகளும் வந்தன. முறையாக உரிமம் வாங்கிய ஒரு விநியோகஸ்தர் ஐரோப்பியப் பெட்டிகளை இறக்கி, தன் ஸ்டிக்கரை ஒட்டி மெட்ராஸில் விற்றார். என் வகுப்பில் ஒரு பணக்கார வீட்டுப் பையன் கொண்டுவந்து காட்டினான், தொடவிடவில்லை. அந்தப் பெட்டி இருந்ததே இல்லை என்று எவனோ ஒருவன் வாஃபிள் தின்றுகொண்டு சொன்னால் எனக்கு எரியாதா? எரிந்தது. ஒரு வருடம் எழுதினேன். கடைசியில் அவர் ஒரு நிபந்தனை போட்டார். விநியோகஸ்தரின் ஸ்டிக்கர் ஒட்டிய அசல் பெட்டி ஒன்றின் படம் வேண்டும், அது வந்தால் இந்தியா வரும்.

தேடினேன். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்த நர்ஸ் அக்காவிடம் கிடைத்தது. கோயில் ஆராதனை முடிந்து வரும்போது பேச்சுவாக்கில் கேட்டேன்.

"பரண்ல கெடக்குது தம்பி. பையன் காலேஜுக்குப் போய்ட்டான், இனிமே எங்க ஆடப் போறான்? எடுத்துனு போ" என்றார்.

அந்தக் கார் பந்தய ஆட்டமேதான். பெட்டியின் பின்பக்கம் ஒரு ஓரத்தில் கோணலாக வெள்ளை ஸ்டிக்கர். மெல்லிய தட்டச்சு எழுத்தில் விநியோகஸ்தரின் பெயர், அதற்குக் கீழே மெட்ராஸ் விலாசம், அதற்கும் கீழே அதிகபட்ச சில்லறை விலை, கடைசி வரியில் வரிகள் உட்பட என்று. அக்கா வீட்டு வாசலிலேயே நின்று மூன்று முறை படித்தேன். இங்கிலாந்துக்காரர்கள் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் மேலேயே நம் ஆட்கள் இதை ஒட்டியிருந்தார்கள். நம் ஆட்களிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்.

மறுநாள் பெட்டியைக் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். ஷூ சாம்பிள்களைப் படம் எடுக்க எங்கள் பிரிவில் ஒரு டிஜிட்டல் கேமரா இருந்தது, சாப்பாட்டு நேரத்தில் அதில் எடுத்துவிடலாம் என்று எண்ணம். என் மேசையில் ஷூ பெட்டிகளுக்கு நடுவே வைத்துவிட்டு வழக்கமான வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் அந்தப் பக்கம் வந்தார். தூரத்திலிருந்தே அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"இன்னாப்பா இது, டபுள் லேபிள் பெட்டிய மேச மேல வெச்சினு உக்காந்திருக்கே?"

அவ்வளவுதான் கேட்டார். என் கட்டைவிரல் நகம் ஸ்டிக்கரின் மூலையில் ஏறியதும், அது ஒரே இழுப்பில் வந்ததும், மறு கை தின்னர் துணியால் பசையைத் துடைத்ததும், ஷூ பெட்டிக்கு நாள் முழுக்கச் செய்கிற அதே வேகத்தில் நடந்து முடிந்தது. துடைத்த துணியில்தான் ஸ்டிக்கரும் கிடந்தது. பிரித்துப் பார்த்தேன். தின்னர் பட்ட மை கரைந்து சாம்பல் நிறக் கறை ஆகியிருந்தது. மேசையில் இருந்தது சுத்தமான, பளபளப்பான இங்கிலாந்துப் பெட்டி. அந்தத் தளத்தில் அப்படிப் பெட்டிகள் கொட்டிக் கிடந்தன.

"சுத்தமா எடுத்துட்டே. சபாஷ்" என்று சொல்லிவிட்டுப் போனார் பாய். என் கையை நானே வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது.

வேறு பெட்டிக்கு எங்கே போவது? அக்காவிடம் இருந்தது அது ஒன்றுதான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் எதிரில் இருந்த லேபிள் பிரிண்டரைப் பார்த்தேன். ஸ்டிக்கரில் இருந்த ஒவ்வொரு எழுத்தும் எனக்கு மனப்பாடம். பொய் எதுவும் எழுதப் போவதில்லை, இருந்ததைத்தான் எழுதப் போகிறேன் என்று எனக்கு நானே ஒரு வக்கீல் வைத்துக்கொண்டேன். அடித்தேன். எங்கள் பிரிண்டரில் மூன்று வரிதான் வரும், ஆகவே வரிகள் உட்பட என்பது விலைக்குப் பக்கத்திலேயே ஏறிவிட்டது. எழுத்தும் எங்கள் ஷூ சைஸ் லேபிளின் தடித்த எழுத்து. வெள்ளை வெளேரென்று இருந்ததால், தோல் தேய்க்கும் பிரிவிலிருந்து ஒரு சிட்டிகை பஃபிங் தூசி எடுத்து மேலே தடவினேன். பத்து வருடத்துப் பழுப்பு அரை நிமிடத்தில் வந்தது. கோணலாக ஒட்டவும் மறக்கவில்லை.

ஒரு வருடம் என் நிஜத்தை எல்லாம் குப்பையில் போட்ட நடுவர், இந்தப் பொய்யை இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டார். அருமையான பிரதி என்று எழுதினார். ஸ்டிக்கரில் படிந்துள்ள பழுப்பு அக்காலத்து இந்தியக் கடைகளின் சூழலைக் காட்டுகிறது என்று அதற்கு ஒரு விளக்கம் வேறு. ஆம்பூர் ஆட்டுத்தோலின் தூசியை ஆராய்ந்து வரலாறு சொன்ன மகானை நினைத்து பிரவுசிங் சென்டரில் வாய்விட்டுச் சிரித்தேன். ஐஸ்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் இந்தியா வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் என் பெயர். இந்தியப் பெட்டிகளைச் சரிபார்க்கும் பொறுப்பையும் என்னிடமே கொடுத்தார்கள். சிரித்தேன் என்று சொன்னேனே, அந்தப் பொறுப்பை வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெருமை அடித்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து வாலாஜாபேட்டையிலிருந்து ஒருவர் மூன்று பெட்டிகளின் படங்களை அனுப்பினார். நடுவர் அவற்றை எனக்குத் தள்ளிவிட்டு, நம்மிடம் உள்ள மாதிரியோடு இவை பொருந்தவில்லை, போலி என்று தோன்றுகிறது, உங்கள் கருத்து என்ன என்று கேட்டிருந்தார். படத்தைத் திறந்தேன். மெல்லிய தட்டச்சு எழுத்து. நான்கு வரி. வரிகள் உட்பட என்பது தனியாகக் கடைசி வரியில். மூன்று பெட்டியிலும் அதே கோணல்.

பார்த்த நொடியே தெரிந்துவிட்டது. அசல் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். இந்தியா எங்கும் போயிருக்காது, என் ஒரு போலிக்குப் பதிலாக மூன்று அசலோடு நின்றிருக்கும். போயிருக்கக்கூடியது பக்கத்தில் இருந்த என் பெயர் மட்டும்தான். பொருந்தவில்லை என்று எழுதி அனுப்பினேன். போலி அனுப்பியவர்களின் பெயர்களைத் தளத்தின் முகப்பிலேயே போட்டு வைக்கிற வழக்கம் அவர்களுக்கு இருந்தது. மறுநாள் வாலாஜாபேட்டைக்காரரின் பெயர் அதில் ஏறியது. ஸ்வீடன் நீலத்துக்காரர்களும் டென்மார்க் நீலத்துக்காரர்களும் முதல் முறையாக ஒன்று சேர்ந்து அவரைக் காறித் துப்பினார்கள்.

அடுத்த ஞாயிறு அவரிடமிருந்து எனக்கு நேராக ஒரு மெயில் வந்திருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார். கருத்து சொன்னது நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

"அண்ணா, நீங்க நம்ம பக்கத்து ஆளுன்னு போட்டிருக்குது. நீங்களாவது அவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க. எங்கப்பா மெட்ராஸ் போய் வாங்கினு வந்தது அண்ணா இது மூணும். நான் எதுக்கு டூப்ளிகேட் அடிக்கணும்? எங்கிட்ட பிரிண்டர் கூட இல்ல."

அவரைத் துப்பிய அத்தனை பேரும் அவரைத் திருடன் என்று மனதார நம்பித்தான் துப்பினார்கள். அந்தக் கூட்டத்தில் அப்படி நம்பாதவன் நான் ஒருவன்தான். பதில் எழுதாமல் எழுந்து வந்தேன். இந்தியாவுக்கு மாதிரி இன்றும் என் பெட்டிதான்.