பிணவறை வாசலில் எங்கள் நைனா

நைனா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்குக் கட்சிப் பெரியவர் ஒருவரிடம் கட்டுரை வாங்கலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். மேடையில் பேசுகிறவர்கள் எழுதினால் அவரைத் தியாகச் செம்மல் ஆக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மகள் எழுதினால் கொஞ்சம் கசப்பும் சேர்ந்து வரும். கர்த்தரும் நீங்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆரணி ஆற்றை ஒட்டிய காலனியில் நைனா பிறந்தார். அவருடைய பெற்றோர் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்த பிறகு எங்கள் தெருவே கழனியை விட்டுக் கம்பெனிக்குப் போனது. நைனாவும் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் சேர்ந்தார். காண்ட்ராக்ட் தொழிலாளர்களைச் சேர்த்துச் சங்கம் கட்டினார் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். அதன்பின் சங்கமே அவருக்கு வேலையாயிற்று. ஒருமுறை ஒன்றியக் கவுன்சிலராகவும் ஜெயித்தார்.

ஊராட்சித் தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு என்று ஒதுக்கப்பட்டபோது தெருவே நைனாவைத்தான் நினைத்தது. ஆனால் சாதிச் சான்றிதழில் அவர் கிறிஸ்தவர். கிறிஸ்தவரை அரசு ஆதிதிராவிடராகக் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் நிற்க முடியாது. எதிர்வீட்டில் இருந்த அவருடைய பெரியப்பா மகன் ஞானஸ்நானம் பெறாதவர், அவர் நிற்கலாம். கட்சிக்காரர்கள் வழி சொல்ல வந்தார்கள்.

"பேப்பர்ல மட்டும் இந்துன்னு மாத்திக்கோண்ணா. சர்ச்சுக்கு எப்பவும்போல போய்க்கினு இரு. யாரு கேக்கப் போறா?"

"நம்மள ஒதுக்கி வெச்சவன், ஞானஸ்நானம் வாங்கிட்டியான்னு கேட்டுக்கினா ஒதுக்குனான்? கவர்மெண்ட்டு மட்டும் இன்னாத்துக்குக் கேக்குது? அதை எதுத்துக் கேக்காம நான் பொய் எழுதித் தரணுமா?" என்றார் நைனா.

வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். "வாசல் வரைக்கும் வந்த பதவி, அப்படியே திரும்பிப் போவுது பாரு" என்று அம்மா முணுமுணுத்தார்.

உண்மையில் நைனாவின் அரசியல் நடந்த இடம் அரசு மருத்துவமனையின் பிணவறை வாசல். காண்ட்ராக்ட் தொழிலாளி விபத்தில் இறந்தால், "எங்க ஆளு இல்ல, காண்ட்ராக்டர் ஆளு" என்று கம்பெனி கைகழுவிவிடும். உடலை வாங்கிப் புதைத்துவிட்டால் நியாயமும் அதோடு புதைந்துவிடும். ஆகவே, "எங்கள் தொழிலாளிதான்" என்று கம்பெனி ஒப்புக்கொள்ளும்வரை உடலை வாங்காதீர்கள் என்று குடும்பத்தாரோடு நைனாவும் தரையில் உட்கார்ந்துவிடுவார். பிழைக்க வந்த ஒடிசாப் பையன்கள் இறந்தால் உடலை வாங்க மறுப்பதற்குக்கூடச் சொந்தம் பக்கத்தில் இருக்காது. "இவன் என் புள்ள, நான் வாங்க மாட்டேன்" என்று நைனாவே சொந்தக்காரர் ஆவார்.

பின்தெரு சரோஜா அக்காவின் கணவர் கிரேன் சங்கிலி அறுந்து இறந்தபோது, அக்கா உடலைக் கேட்டுக் கதறினார். "கொஞ்சம் பொறும்மா. இப்ப வாங்கிட்டா அவன் யாருன்னே தெரியாதும்பானுங்க" என்று நைனா தடுத்தார். அக்கா பொறுத்தார். கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. அக்காவுக்கு அங்கே கேண்டீனில் வேலையும் கிடைத்தது. நைனாவின் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய வெற்றி இல்லை.

பிறகு என் தம்பி இறந்தான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, நைனா தடுத்தும் கேளாமல் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனவன். அவன் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். கம்பெனி வழக்கம்போல, "எங்க ஆளு இல்ல" என்றது. சங்கம் முழுவதும் பிணவறை வாசலில் வந்து உட்கார்ந்தது. என்ன செய்வது என்று யாரும் நைனாவைக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

அம்மா வந்து அவர் சட்டையைப் பிடித்தார். "அவனுக்குக் குளிரு ஆவாதுய்யா. இளைப்பு வரும்னு ஊட்ல ஃபேன்கூட போடமாட்டோம். அவன ஐஸ்ல வெச்சிட்டு நீ இங்க குந்திக்கினு இருக்கியே, உனக்குத் தெரியாதா?"

நைனா எழுந்தார். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டு மகனை வாங்கிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்தோம்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோர் முன்னாலும் சரோஜா அக்கா கேட்டார். "என் ஊட்டுக்காரரு மட்டும் குளிரு தாங்குவாராண்ணா?"

நைனா குனிந்து குழியில் ஒரு பிடி மண் போட்டார். 

அடுத்த விபத்தில் கம்பெனி ஆட்கள் சுலபமாகச் சொன்னார்கள். "உங்க தலைவரே பேசாம புள்ளைய வாங்கிக்கினு போனாரு. உங்களுக்கு இன்னா?" அந்தக் குடும்பம் உடலை வாங்கிக்கொண்டது. சங்கம் மெல்லக் கரைந்தது. அடுத்த கவுன்சிலர் தேர்தலில் எங்கள் தெருவே நைனாவுக்கு ஓட்டுப் போடவில்லை. யாரும் திட்டவில்லை. வீட்டுக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. ஒருநாள் அம்மா, "எல்லாம் என்னாலதான்" என்று ஆரம்பித்தார். "நீ சும்மா இரு. என் காலுதான் நடந்து உள்ள போச்சு" என்று நைனா முடித்துவிட்டார்.

நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்தபின் என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். "நான் போனா அன்னிக்கே எடுத்துடுங்க. யாருக்காவும் காக்க வெக்காதீங்க."

காலையில் உயிர் பிரிந்தது. ஆனால் தலைவர்கள் மறுநாள்தான் வருவார்கள் என்று கட்சிக்காரர்கள் ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டார்கள். நான் சொன்னது எவர் காதிலும் ஏறவில்லை. அப்போது கேண்டீன் சீருடையோடு சரோஜா அக்கா வந்தார். தம்பி இறந்த பிறகு எங்கள் வாசலை மிதிக்காதவர். பெட்டியைப் பார்த்தார்.

"இத்த எடுத்துக்கினு போங்க. அண்ணனுக்கு வேணாம்" என்றார்.

கட்சிக்காரர்கள் பெட்டியைத் திரும்ப வண்டியில் ஏற்றினார்கள். அன்று மாலையே நைனாவைத் தம்பியின் பக்கத்தில் அடக்கம் செய்தோம்.

மறுநாள் பூமாலையோடு வந்து முகம் பார்க்காமல் திரும்பியவர்கள் எங்களை மன்னிக்க வேண்டும். மருத்துவமனையில் துணையிருந்த உறவினர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், குழி வெட்டிய ஒடிசாத் தம்பிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சரோஜா அக்காவுக்கு நேரில் நன்றி சொல்லப் போனேன்.

"தேங்க்ஸெல்லாம் வேணாம்மா. நான் அவர இன்னும் மன்னிக்கல. ஆனா அந்தக் குளிருல அவரப் படுக்கவெக்க எனக்கு மனசு வரல" என்றார்.

மலரில் போடுவதானால் இதை அப்படியே போடச் சொன்னார். போட்டுவிட்டேன்.