ஆளுக்கொரு விசில்

வேட்டைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் வேட்டையாடுவது கடையில்தான். மொன்ட்ரியாலுக்குப் பக்கத்தில் லவாலில் ஒரு வேட்டைச் சாமான் கடையின் கவுன்ரரில் பத்தொன்பது வருடம் நின்றவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். போன வருடம் ஓய்வு பெற்றேன். கடை வேலைக்குப் போகும் இளம் ஆட்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதச் சொல்லி எங்கள் கோயில் பங்கு மலர்க்காரர் கேட்டார்கள். எழுதுகிறேன். வாசித்துவிட்டுச் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

1. முதல் நாள்

நான் கூடாரப் பகுதியில் காசாளர் வேலைக்குத்தான் விண்ணப்பித்தேன். போன அன்று காலையில் வேட்டைப் பகுதியில் நின்றவன் முதலாளியோடு சண்டை பிடித்துக்கொண்டு போய்விட்டான். முதலாளி ஜெரார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அங்கே போய் நிற்கச் சொன்னார். நான் மன்னாரில் பிறந்தவள். துவக்கு என்றால் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் கையில் பார்த்ததோடு சரி. அதை அவரிடம் சொன்னேன். துவக்கு விற்க அனுமதிப் பத்திரம் உள்ள ஆள் வேறு இருக்கிறான், நீ மற்றச் சாமான்களை விற்றால் போதும் என்றார்.

பிறகு கவுன்ரரில் ஆறு சாமான்களை எடுத்து வைத்தார். ஒரு திசைகாட்டி, ஒரு விசில், தண்ணீர் புகாத டப்பாவில் தீக்குச்சி, ஒரு மடக்குக் கத்தி, சின்ன ரோச் லைற், கைக்குட்டை அளவுக்கு மடித்த வெள்ளித்தாள் போர்வை. இவை ஆறும் வேட்டைக்காரனின் பொக்கெற்றில் இருக்க வேண்டும், பையில் அல்ல என்றார். ஏன் என்று கேட்டேன். களைத்தவன் பையைக் கழற்றி மரத்தடியில் வைப்பான், காற்சட்டையைக் கழற்றி வைக்க மாட்டான் என்றார்.

அந்த ஆறையும் என் பொக்கெற்றுகளில் போட்டுக்கொண்டு அன்று முழுக்க வேலை செய்யச் சொன்னார். காலையில் நடக்க நடக்க இடித்தது. பின்னேரம் மெட்ரோவில் உட்கார்ந்த பிறகுதான் அவை இன்னும் என்னிடம் இருப்பது நினைவுக்கு வந்தது. களவெடுத்தவள் ஆகிவிட்டேனே என்று பயந்து அடுத்த நாள் விடியவே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜெரார் சிரித்தார். மறக்கிற அளவுக்குச் சின்னது என்று நீயே கண்டுகொண்டாய்தானே, இனி ஒருத்தனும் பாரம் என்று உன்னிடம் சாட்டுச் சொல்ல முடியாது என்றார்.

அவரிடம் இன்னொரு விதியும் இருந்தது. ஆளுக்கொரு செற். புருஷன் பெண்சாதி என்றாலும், அப்பன் மகன் என்றாலும், ஆளுக்கொன்று. இரண்டு பேருக்கு ஒன்று என்று கேட்டு வருகிறவனை வெளியே அனுப்பினாலும் பரவாயில்லை என்றார்.

2. வாங்குகிறவர்கள்

வக்கீல், பல் வைத்தியர், வீடு விற்கிறவர் என்று எல்லா மாதிரியும் வருவார்கள். பத்து வீடியோ பார்த்துவிட்டு வந்து பதினோராவது வீடியோவை எனக்கு ஓட்டிக் காட்டுவார்கள். தலை முதல் கால் வரை இலை தழை அச்சடித்த உடுப்பு வாங்குவார்கள். அதே அச்சில் தேநீர்க் குவளையும் வாங்குவார்கள். மானுக்குக் குவளை தெரியக்கூடாதாம். ஒருவர் அதே அச்சில் லைற்றர் வாங்கிப்போய், காட்டில் கைதவற விட்டு, அரைமணி நேரம் தேடியும் காணாமல் திரும்பி வந்து, சாமான் சரியில்லை என்று என்னோடு சண்டைக்கு நின்றார். ஐயா, அது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது என்றேன்.

பெண் மானின் மூத்திரம் போத்தலில் விற்போம். ஆண் மான் மணத்துக்கு வருமாம். மனைவியின் பிறந்தநாளுக்கு வாசனைத் தைலம் வாங்கக் கணக்குப் பார்க்கிற மனிதர்கள் அதை இரண்டு மூன்றாக அள்ளிக்கொண்டு போவார்கள். விசிலை நீட்டினால் மட்டும், நான் என்ன குழந்தைப்பிள்ளையா என்று முகத்தைச் சுழிப்பார்கள்.

புதுச் சப்பாத்தை அன்றே மாட்டிக்கொண்டு மலை ஏறி, குதிக்காலில் கொப்பளத்தோடு வந்து சப்பாத்தைத் திட்டுவார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகாதே, பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சும், கம்பளிக் காற்சட்டை வாங்கு என்றால், கம்பளி கடிக்கும் என்பார்கள். குளிர் அதைவிட மோசமாகக் கடிக்கும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

இப்படி எல்லாரையும் இளக்காரமாகப் பார்த்துப் பழகிவிட்டேன். எனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. மறைக்க வேண்டியதில்லை.

3. அத்தானின் பை

அக்காவின் கணவர் மரியதாஸ் அத்தானை லாசால் பகுதியில் எங்கள் ஆட்களுக்குத் தெரியாமல் இராது. கோயில் யாத்திரை, கோடைகால ஒன்றுகூடல், எதுவானாலும் அவர்தான் தலைமை. அவருடைய முறை ஒன்று. எல்லாருடைய சாமானும் அவருடைய ஒரே பையில் இருக்கும். மாதா கோயிலுக்கு நாற்பது பேர் பஸ்ஸில் போனாலும் நாற்பது பேருடைய பனடோலும் ரிக்கெற்றும் அவரிடம்தான். வேண்டியவர் போய்க் கேட்டு வாங்க வேண்டும். நாங்களும் அதைப் பெரிய பொறுப்பு என்று புகழ்ந்து புகழ்ந்து வளர்த்துவிட்டோம்.

அவருக்கு முயல் கறி ஆசை வந்தது. அவரும் கூட்டாளி ராசனும் வகுப்புக்குப் போய் அனுமதி எடுத்தார்கள். வடக்கே லோரன்ரீட் மலைப்பக்கம் ஏரிக்கரையில் ஒரு சலே, அதாவது மரவீடு, வாடகைக்குப் பிடித்தார்கள். என் மனுஷன் பிலிப்புக்குத் துவக்கு அனுமதி இல்லை. விழுகிற முயலைத் தூக்குவதற்கு அவரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒக்ரோபர் மாதம் ஒரு வியாழக்கிழமை மூன்று பேரும் என் கவுன்ரருக்கு வந்தார்கள். காட்டுக்குக் கொண்டுபோகும் சாமான்களை எழுதிய துண்டை அத்தான் வாசித்தார். தாச்சி, அரிசிக் குக்கர், யாழ்ப்பாணத்துத் தூள், கறிவேப்பிலை, தேங்காய்ப்பால் ஆறு ரின். முயலைத் தவிர எல்லாம் தயார். நான் ஆறு சாமான் கொண்ட செற்றுகள் மூன்றை எடுத்து வைத்தேன். அத்தான் இரண்டை என் பக்கம் திருப்பித் தள்ளினார்.

“ஏன் பிள்ளை ஆளுக்கொண்டு? நாங்கள் என்ன திக்குத்திக்காவோ போகப்போறம்? ஒண்டு காணும். என்ரை பையுக்கை கிடக்கட்டும்.”

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் கடை முழுக்கக் கேட்கிற மாதிரிப் பேசியிருப்பேன். ஒரு நீதிபதியையே ஏசி அனுப்பியவள் நான். ஆனால் நின்றது அத்தான். பக்கத்தில் ராசன். ஆட்களுக்கு முன்னால் அத்தானை எதிர்த்து எப்படிக் கதைப்பது என்று வாயை மூடிக்கொண்டேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது நான்.

செம்மஞ்சள் மேலங்கி மட்டும் மூன்று வாங்கினார்கள். துவக்கு வைத்திருப்பவனோடு கூடப் போகிறவனும் அதைப் போட வேண்டும் என்று சட்டம். சட்டம் இல்லாவிட்டால் அதிலும் ஒன்றை வாங்கி மாறி மாறிப் போட்டிருப்பார்கள்.

போகிறபோது அத்தான் கேட்டார், பாவிக்காவிட்டால் திருப்பித் தரலாம்தானே என்று. எங்கள் சனத்துக்குக் கடையில் பிடித்த இடமே திருப்பிக் கொடுக்கிற கவுன்ரர்தான்.

“ஓம் அத்தான். உறையை உடைக்காமல் வைச்சிருங்கோ. பில்லைத் துலைச்சுப்போடாதேங்கோ” என்றேன்.

அத்தான் பில்லைப் பிலிப்பிடம் கொடுத்தார். பிலிப் அதை நாலாக மடித்து ஜீன்ஸ் பொக்கெற்றில் வைத்தார். கம்பளிக் காற்சட்டை கடிக்கும் என்று அவரும் சொல்லியிருந்தார்.

4. சனிக்கிழமை

சனிக்கிழமை மத்தியானம் கடை நிரம்பி வழிந்தது. மூத்திரப் போத்தலுக்கு எத்தனை மாதம் தவணை என்று கேட்ட ஒருவருக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. சலேயிலிருந்து அத்தான்.

“பிள்ளை, பதறாதை. பிலிப்பைக் காணேல்லை.”

நடந்தது இதுதான். காலையில் அத்தான் ஒரு முயலைச் சுட்டிருக்கிறார். காயத்தோடு அது பற்றைக்குள் ஓடிவிட்டது. போய் எடுத்து வா என்று பிலிப்பை அனுப்பியிருக்கிறார். பிலிப் உள்ளே போனதும் மழை பிடித்தது. பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, ஆள் வேறு வழியால் சலேக்குப் போயிருப்பான் என்று இவர்களே தீர்மானித்து, திரும்பி வந்து அடுப்பை மூட்டியிருக்கிறார்கள். சோறு வெந்து, கறிக்கு வெங்காயம் வதங்கிய பிறகும் ஆள் வரவில்லை. முற்றத்தில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு எனக்குப் போன் எடுக்கிறார். பொலிசுக்கு எடுக்கவில்லை. கோயில் ஆட்களுக்குத் தெரியவந்தால் வெட்கம் என்று யோசித்தாராம்.

உடனே 911க்கு எடுக்கச் சொன்னேன். பிறகு கேட்டேன், பிலிப்பிடம் என்ன இருக்கிறது என்று.

“ஒண்டுமில்லைப் பிள்ளை. எல்லாம் என்ரை பையுக்கை. மழைக்கு நனையுமெண்டு அவன்ரை போனையும் நான்தான் வாங்கி வைச்சனான்.”

தொலைபேசியை வைத்துவிட்டு ஜெராரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஒக்ரோபர் மழையில் நனைந்த ஜீன்ஸோடு ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லித்தான் கம்பளி விற்றேன்.

ஜெரார் கடையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு என்னை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். ஒன்றரை மணி நேர ஓட்டம். நெடுஞ்சாலை ஏறியதும் ஒரு கேள்வி கேட்டார். எத்தனை செற் விற்றாய்? ஒன்று என்றேன். அவர் வேகத்தைக் கூட்டினார்.

சலே வாசலில் அத்தான் நின்றார். கையில் அந்த ஆறு சாமானும் இருந்தன. ஆறும் பிளாஸ்ரிக் உறைக்குள் ஒட்டினபடியே இருந்தன. விசிலை ஊதிப் பிலிப்புக்குக் கேட்கச் செய்யலாமே என்று பொலிஸ்காரர் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். அந்தத் தடித்த உறை கையால் கிழியாது. வெட்டக் கத்தி வேண்டும். கத்தியும் அதே மாதிரி உறைக்குள் இருந்தது. திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கப் புதிதாக இருக்க வேண்டுமே.

“கறி வெட்டுற கத்தி குசினியுக்கை கிடந்தது பிள்ளை. பதகளிப்பிலை எனக்கு மூளை ஓடேல்லை” என்றார் அத்தான். அந்தப் பெரிய மனிதர் சின்னப்பிள்ளை போல அழுதார். எனக்கு அவரில் இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் முழுதாக வரவில்லை.

இருட்ட ஒரு மணி நேரம் இருக்கையில் கண்டுபிடித்தார்கள். கொஞ்ச நாளைக்கு முன் மரம் வெட்டிய வெளியொன்றின் ஓரத்தில், ஒரு ஸ்புறூஸ் மரத்தடியில் சுருண்டு கிடந்திருக்கிறார். தேடப்போன ஒருவர் கண்ணில் முதலில் பட்டது செம்மஞ்சள் மேலங்கி. சட்டம் போடச் சொன்ன அந்த ஒன்றுதான் அவரைக் காப்பாற்றியது. ஸ்ரெச்சரில் கொண்டு வந்தபோது அந்த மேலங்கியின் விலைத் துண்டு கழுத்துக்குப் பின்னால் தொங்கியது. அதையும் வெட்டாமல் உள்ளே மடித்து வைத்திருந்தார். என் பெயரைச் சொன்னேன். நடுக்கம்கூட நின்றுபோயிருந்தது. கண் திறந்திருந்தது, ஆளைத் தெரியவில்லை.

5. பொக்கெற்றில் இருந்தவை

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் என்னை அடையாளம் கண்டார். அன்றுதான் தாதி அவருடைய சாமான்களை ஒரு பையில் போட்டுத் தந்தாள். வீட்டுத் திறப்புகள் கோத்த வளையம். அரைவாசி சாப்பிட்ட மிக்சர் பக்கெற். பிறகு நாலாக மடித்த ஒரு துண்டு. ஈரம் காய்ந்து ஒட்டியிருந்ததை விரித்துப் பார்த்தேன். திசைகாட்டி ஒன்று, விசில் ஒன்று, தீக்குச்சி ஒன்று என்று ஆறும் வரிசையாக இருந்தன. அடியில் என் பெயரோடு ஒரு வரி: உங்களுக்குச் சேவை செய்தவர், றீற்றா.

பொக்கெற்றில் என்ன வைத்திருக்க வேண்டும் என்று மொன்ட்ரியால் முழுவதற்கும் படிப்பித்தவள் நான். என் மனுஷனுக்கு நான் வைத்திருக்கச் சொன்னது பில்லை. அவர் நான் சொன்னபடியே செய்திருக்கிறார். அன்று நான் அழுதது பயத்தில் அல்ல, வெட்கத்தில்.

அடுத்த வருடம் அத்தானும் ராசனும் மறுபடி வந்தார்கள். முயல் கறி ஆசை அவ்வளவு லேசில் போகாது. பிலிப்பும் கூட வந்தார், கம்பளிக் காற்சட்டையோடு. இந்த முறை அத்தான் தானே மூன்று செற் கேட்டார். கேட்டுவிட்டு மூன்றையும் தன் பையில் போடக் கையை நீட்டினார்.

நான் கவுன்ரருக்குக் கீழே இருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்தேன். பதினெட்டு உறையையும் ஒவ்வொன்றாக வெட்டினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். விசில்களை எடுத்து நானே ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்தேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிறகு கவுன்ரரைச் சுற்றி வெளியே வந்து, ஆறு ஆறாக மூன்று பேருடைய பொக்கெற்றுகளிலும் என் கையாலேயே திணித்தேன்.

“எல்லாத்தையும் வெட்டிப்போட்டாய். இனி ஒண்டையும் திருப்பிக் குடுக்கேலாதே” என்றார் அத்தான்.

“ஓம் அத்தான். நீங்கள் ஆளைத் திருப்பிக் கொண்டு வந்தால் காணும்” என்றேன்.

ஆட்களுக்கு முன்னால்தான் சொன்னேன். பில்லைக் கேட்டார். கிழித்துக் குப்பையில் போட்டேன்.